விவசாயிகள் ஊரை விட்டுப் போவதற்குக் காலநிலை காரணமா, கடன் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விவசாயக் குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்புவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதான், கடன், கூலி, பிள்ளைகள் படிப்பு என்று அதற்கு எத்தனையோ காரணம் இருக்க, இப்போது எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது சரியா என்று கேட்கிறீர்கள். கூடவே, கோடிக்கணக்கில் காலநிலை அகதிகள் வரப்போகிறார்கள் என்ற செய்திகளை நம்பலாமா என்றும், அது உண்மையென்றால் அவர்களை ஊரிலேயே தக்கவைக்க அரசுகள் முயல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதில் பெரும்பகுதி ஊகம். மூன்றாவதில் சான்றோடு என் கருத்தும் கலந்திருக்கும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

ஊரக வாழ்வாதார ஆய்வுகளில், அதாவது ஒரே குடும்பங்களைப் பல வருடங்கள் விடாமல் பின்தொடர்ந்து விசாரிக்கும் கணக்கெடுப்புகளில், நீண்ட காலம் வேலை செய்திருக்கிறேன். ஏன் போனீர்கள் என்று கேட்டால் "மழை மாறிப்போச்சு" என்று முதலில் சொல்பவர்கள் குறைவு. வேலை இல்லை, கடனை அடைக்கணும், இங்கே இருந்து என்ன செய்வது, இப்படித்தான் பதில் வரும். சரி, அந்தக் கடன் எப்போது வாங்கியது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான், விதைத்த மழை ஏமாற்றி மறுவிதைப்புக்கு வாங்கியது, கிணற்றை ஆழப்படுத்த வாங்கியது, கதிர் பிடிக்கும் நேரத்து வெயிலில் வெள்ளாமை போன வருடம் வாங்கியது என்று விஷயம் வெளியே வரும். கடனா காலநிலையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் சிக்கல். பெரும்பாலான வீடுகளுக்குள் காலநிலை கடனாகத்தான் நுழைகிறது.

வயலில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நமக்கு மிக உறுதியாகத் தெரிந்த பகுதி அதுதான். மழை குறைவதுதான் பிரச்சினை என்று பொதுவாக நினைக்கிறோம். வெப்பம் அதற்குச் சற்றும் குறையாத பிரச்சினை, சந்தேகத்துக்கு இன்னும் குறைவாக இடம் தருவதும்கூட. ஒரு பருவத்தின் சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. பயிருக்கு ஒரு வரம்பு இருக்கிறது, எந்த நாட்களில் அதைத் தாண்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் சேதம். மக்காச்சோளம் சுமார் 29 டிகிரி வரை வெப்பம் கூடக் கூட நன்றாகவே வரும், அதற்கு மேலே போனால் மகசூல் செங்குத்தாக விழும். அமெரிக்காவின் பல பத்தாண்டு மாவட்டவாரிக் கணக்குகளில் இது தெளிவாகத் தெரிகிறது. நெல் பூக்கும் அந்தச் சில மணி நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து மணி பிடிக்காமல் பதராகும், மற்ற நாட்களெல்லாம் வானம் ஒத்துழைத்திருந்தாலும் சரி. இரவு வெப்பத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்த வயல்களில் எடுத்த கணக்கு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. உலகம் முழுமைக்குமாகப் பல வகை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, உலகச் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடினால் கோதுமை சுமார் 6, மக்காச்சோளம் 7.4, நெல் 3.2 சதவீதம் குறையும் என்றது. புது ரகங்கள், உரம், பாசனம் என்று மனிதர்கள் செய்த முன்னேற்றத்தால் மொத்த விளைச்சல் கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது, அதனால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் காலநிலை மாறாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டால், 1961-க்குப் பிறகு உலக வேளாண் உற்பத்தித்திறன் சுமார் 21 சதவீதம் பின்தங்கியிருக்கிறது என்பது 2021-இல் வந்த ஒரு மதிப்பீடு. ஏற்கனவே வெப்பமான நாடுகளில் இழப்பு இதைவிட அதிகம்.

மழையைப் பொறுத்தவரை மொத்த அளவைவிட அது வரும் விதம் மாறுவதுதான் மானாவாரி விவசாயியை அடிக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும், அதனால் பெய்தால் கொட்டுகிறது, இடையில் நீண்ட வெயில் விழுகிறது. வருடக் கணக்கைப் பார்த்தால் மழை சரியாகவே இருக்கும், பயிர் மட்டும் இருக்காது. அப்புறம் கடலோரத்தில் உப்பேறும் மண், வற்றும் நிலத்தடி நீர், மேய்ச்சல் இல்லாமல் விற்கப்படும் மாடுகள். இதோடு மனித உடம்பையும் சேர்க்க வேண்டும். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து உயர்ந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது, வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வெப்பத்தால் 2030-இல் உலகம் இழக்கக்கூடிய வேலை நேரம் 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்றும், அதில் 60 சதவீதம் விவசாயத்தில் இருக்கும் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணித்தது. கூலிக்காரருக்கு அது அன்றைய சம்பளம்.

இவ்வளவும் நடந்தவுடன் குடும்பம் மூட்டை கட்டிவிடுகிறதா என்றால், இல்லை. ஒரு மோசமான வருடத்துக்குப் பிறகு யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. முதலில் செலவைக் குறைப்பார்கள், அதிலும் வீட்டுப் பெண்களின் சாப்பாடும் வைத்தியமும்தான் முதலில் குறையும். பிறகு கைமாற்று, பிறகு நகை, ஆடு, மாடு. அடுத்த வருடமும் தவறினால் வீட்டில் ஒருவர், பெரும்பாலும் இளைஞர், சில மாதங்களுக்கு வெளியே வேலைக்குப் போவார், விதைப்புக்குத் திரும்பி வருவார். சில வருடங்களில் அந்தத் திரும்பி வருதல் நின்றுபோகும். கடைசியாகத்தான் நிலம் கைமாறும், குடும்பம் மொத்தமாகக் கிளம்பும். இந்த வரிசை எல்லா இடத்திலும் அச்சு அசலாக இப்படியே இருக்காது, ஆனால் விற்றால் திரும்ப வாங்க முடியாத பொருளைக் கடைசிவரை பிடித்துவைப்பார்கள் என்பது பல நாட்டுத் தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. இதில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. ஓடட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற பொருளாதார அறிஞர்கள் 1985-இல் எழுதியதுபோல, இடம்பெயர்வது தனி மனிதர் எடுக்கும் முடிவு என்பதைவிடக் குடும்பம் தன் ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்று பார்த்தால்தான் நிறைய விஷயம் புரியும். ஒரே மழையை நம்பி வீட்டில் எல்லோரும் இருக்கக் கூடாது என்பதற்காக ஒருவரை அந்த மழை எட்டாத இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆக, போவது எப்போதுமே தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தை விடாமல் வைத்திருப்பதற்காகவே போகிறவர்கள் ஏராளம்.

இப்போது சான்றுக்கு வருகிறேன். வெள்ளம், புயல் பற்றிய படங்கள்தான் செய்திகளில் வரும், அதனால் அவைதான் மக்களை நிரந்தரமாகக் கிளப்புகின்றன என்று தோன்றும். குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறு கதை சொல்கின்றன. பாகிஸ்தானில் 1991 முதல் 2012 வரை ஊரகக் குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், கோதுமைப் பருவத்தின் கடும் வெப்பம்தான் ஆண்களை நீண்டகாலத்துக்கு வெளியே அனுப்பியது. அந்த வெப்பம் விவசாய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துடைத்தது. வெள்ளத்தின் விளைவு சொற்பமாகவே இருந்தது. வெள்ளம் வந்தால் நிவாரணம் வருகிறது, வெளியுலகம் எட்டிப்பார்க்கிறது. வெயிலில் கருகிய கோதுமைக்கு யாரும் வருவதில்லை. வங்கதேசத்தில் நடந்த இதேபோன்ற ஆய்வுகளும் வெள்ளத்தைவிட, வெள்ளத்தோடு தொடர்பில்லாத பயிர் இழப்பே அதிகம் பேரை நகர்த்தியதாகக் காட்டின. கடலோரத்தில் மண்ணின் உப்பு கூடக்கூட உள்நாட்டு இடப்பெயர்வு கூடியது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. சத்தமில்லாமல், மெதுவாக, வருடா வருடம் வருமானத்தை அரிக்கும் மாற்றங்கள்தான் விவசாயக் குடும்பத்தை நகர்த்துவதில் வலுவானவை என்ற முடிவை நான் ஓரளவு தைரியமாகவே சொல்வேன்.

அதே சமயம் எல்லா எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மெக்சிகோவில் பயிர் மகசூல் 10 சதவீதம் குறைந்தால் மக்கள்தொகையில் கூடுதலாக 2 சதவீதம் பேர் அமெரிக்காவுக்குப் போவார்கள் என்று 2010-இல் ஒரு கட்டுரை வந்தது, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் நாடு முழுவதையும் பாதித்த மற்ற மாற்றங்களைக் கணக்கில் எடுத்தால் அந்த உறவு நிற்கவில்லை என்று வேறு இரண்டு பேர் 2012-இல் அதே இதழில் எழுதினார்கள். அது அவ்வளவாகப் பரவவில்லை. இந்தத் துறையில் ஒரு கவர்ச்சியான எண் வெளியே போய்விட்டால் திரும்ப அழைப்பது மிகக் கடினம்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். காலநிலை மோசமானால் இடப்பெயர்வு கூடும் என்பது பாதி உண்மைதான். போவதற்குப் பணம் வேண்டும். பஸ்சுக்கு, முதல் மாதத் தங்கலுக்கு, வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு, வீட்டில் விட்டுப்போகிறவர்களின் செலவுக்கு. வறட்சி அந்தப் பணத்தையே எடுத்துவிட்டால் போகும் வழியும் அடைபடுகிறது. மாலி நாட்டில் 1983 முதல் 1985 வரை கடும் வறட்சி. அதுவரை பிரான்சுக்கு ஆள் அனுப்பிவந்த பகுதியில், வறட்சிக் காலத்தில் அந்த நீண்டதூரப் பயணம் குறைந்தது; கிட்டத்தில் போய்ச் சீக்கிரம் திரும்பும் குறுகியகாலப் பயணம் கூடியது, அதில் பெண்களும் குழந்தைகளும் அதிகமானார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒப்பிட்டு கத்தானியோ, பெரி ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே வடிவம்தான்: வெப்பம் கூடியபோது நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வெளியேறுவது கூடியது, மிக ஏழை நாடுகளிலிருந்து வெளியேறுவது குறைந்தது. பிரிட்டன் அரசு 2011-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் சிக்கிக்கொண்ட மக்கள் என்று இவர்களைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரித்தது. எவ்வளவு பேர் கிளம்பினார்கள் என்பதை மட்டும் வைத்துப் பாதிப்பை அளந்தால், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் பாதிப்பே இல்லாதவர்களைப்போலத் தெரிவார்கள். எனக்குப் பல வருடங்களாக உறுத்தும் விஷயம் இது.

போக வழியில்லாமல் இருப்பதற்கும் போக விரும்பாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இதை நேரடியாகச் சோதித்த ஒரு முயற்சி உண்டு. வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் அறுவடைக்கு முன் வேலையும் சாப்பாடும் இல்லாத பஞ்ச மாதங்கள் வருடா வருடம் வரும். 2008-இல் அங்கே சில குடும்பங்களுக்கு, யாராவது ஒருவர் வெளியூர் வேலைக்குப் போவதானால் என்ற நிபந்தனையோடு, பயணச் செலவுக்குச் சுமார் 8.5 டாலர் கொடுத்தார்கள். அந்தச் சின்னத் தொகைக்கே 22 சதவீதக் குடும்பங்கள் ஆள் அனுப்பின. அவர்கள் வீட்டுச் சாப்பாடு கணிசமாகக் கூடியது, மறுவருடம் பணம் கொடுக்காமலேயே பலர் திரும்பவும் போனார்கள். பஞ்சத்தில் இருப்பவர், போய் வேலை கிடைக்காமல் அந்தப் பயணக் காசும் போய்விட்டால் என்ன ஆவது என்று பயந்து உட்கார்ந்திருந்தார் என்பதுதான் ஆய்வாளர்கள் இதற்குத் தந்த விளக்கம். ஆனால் இதை முழுசாகவும் சொல்ல வேண்டும்: இதே திட்டத்தைப் பெரிய அளவில் விரித்தபோது பழைய பலன் வரவில்லை, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். சின்னச் சோதனையில் வேலை செய்வது பெரிய அளவில் அப்படியே வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, அந்தக் கோடிகள். 1990களில் நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர் சுற்றுச்சூழல் அகதிகள் 20 கோடியை எட்டக்கூடும் என்று எழுதினார். ஆபத்துள்ள பகுதியில் எத்தனை பேர் வசிப்பார்கள் என்று கணக்கிட்டு, அவர்களெல்லாம் கிளம்புவார்கள் என்று எடுத்துக்கொண்ட எண் அது என்ற விமர்சனம் அப்போதிருந்தே உண்டு, நியாயமான விமர்சனம். இப்போது அதிகம் மேற்கோள் காட்டப்படுவது உலக வங்கியின் 2021 கிரவுண்ட்ஸ்வெல் அறிக்கை: 2050-க்குள் ஆறு பெரும் பகுதிகளில் 21.6 கோடிப் பேர் வரை இடம்பெயரலாம் என்கிறது. செய்தித் தலைப்புகளில் இரண்டு விஷயம் விழுந்துபோகிறது. ஒன்று, அது மோசமான பாதையில் போனால் வரும் உச்ச எண். உமிழ்வைக் குறைத்து வளர்ச்சியும் பரவலாக இருக்கும் பாதையில் அதே அறிக்கை 4.4 கோடி என்கிறது. இரண்டு, அது முழுக்க நாட்டுக்குள்ளேயே நகர்கிறவர்களைப் பற்றியது, எல்லை தாண்டுகிறவர்கள் அதில் இல்லவே இல்லை. விவசாயக் குடும்பத்திலிருந்து கிளம்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பக்கத்து ஊருக்கு, பக்கத்து நகரத்துக்கு, தன் நாட்டின் தலைநகரத்துக்குத்தான் போகிறார்கள். பணக்கார நாடுகளின் எல்லையில் கூட்டம் வந்து நிற்கப்போகிறது என்ற படம் சான்றிலிருந்து வருவதல்ல, பயத்திலிருந்து வருவது. அதேபோல 2022-இல் பேரிடர்களால் உலகில் 3.26 கோடி உள்நாட்டு இடப்பெயர்வுகள் என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது நகர்வுகளின் எண்ணிக்கை. புயலுக்கு முன் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டு ஒரு வாரத்தில் வீடு திரும்பியவரும் அதில் உண்டு, ஒருவரே இருமுறை நகர்ந்தால் இரண்டாகவே எண்ணப்படுவார். உப்பேறிய நிலத்தை மெல்லக் கைவிட்டுப் போனவர் பெரும்பாலும் அதில் இல்லை.

அகதி என்ற சட்ட நிலையும் இவர்களுக்குக் கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஆகியவற்றின் பெயரால் துன்புறுத்தப்படுபவரைத்தான் பாதுகாக்கிறது. வற்றிய கிணறு அதில் வராது. பசிபிக் கடலில் உள்ள கிரிபாஸ் (கிரிபாட்டி) தீவு நாட்டைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடுத்த முறையீட்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு, 2020-இல் வெளியான தீர்ப்பில், அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது, ஆனால் காலநிலைப் பாதிப்பு உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறலாம் என்ற கொள்கையையும் ஏற்றுக்கொண்டது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

காலநிலைமீது எல்லாப் பழியையும் போடுவது பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன், ஏனென்றால் அரசுகளுக்கு இந்தப் பழிமாற்றம் ரொம்ப வசதி. அமெரிக்காவில் 1930களின் வறட்சியும் மண்புயலும் விவசாயிகளைத் துரத்தியது எல்லோருக்கும் தெரிந்த கதை, சமவெளி மாநிலங்களிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்பார்கள். ஆனால் கலிஃபோர்னியாவுக்குப் போன ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலோர் மண்புயல் அடித்த பகுதியைச் சேர்ந்தவர்களே அல்ல, அதற்குக் கிழக்கே பருத்தி விளைந்த பகுதிகளின் குத்தகைக்காரர்களும் கூலிகளும். விலை வீழ்ந்தது, டிராக்டர் வந்தது, பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு கொடுத்த பணத்தை நிலச்சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டு குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். வறட்சி உண்மை, அதோடு இவ்வளவும் உண்மை. இன்னொன்று சிரியா. 2006-இல் தொடங்கிய வறட்சி லட்சக்கணக்கான விவசாயிகளை நகரங்களுக்குத் தள்ளியது, அதுவே 2011 கலகத்துக்கு வித்திட்டது என்று 2015-இல் ஒரு பிரபலமான ஆய்வு சொன்னது. வறட்சி கடுமையானது, அதில் வெப்பமேற்றத்தின் பங்கு உண்டு என்பது வரைக்கும் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள் என்ற எண்ணுக்கும், அவர்களுக்கும் கலகத்துக்கும் தொடர்பு என்பதற்கும் ஆதாரம் மெலிதானது என்று 2017-இல் விரிவான மறுப்பு வந்தது. டீசல், உர மானியங்கள் அதே வருடங்களில்தான் வெட்டப்பட்டன. நிலத்தடி நீரைக் கோதுமைக்கும் பருத்திக்கும் பல ஆண்டுகளாக உறிஞ்சியெடுத்த கொள்கையும் முன்பே இருந்தது. வறட்சி எல்லோர்மீதும் விழுகிறது, அது யாரைக் கிளப்புகிறது என்பதைக் கடன், குத்தகை, மானியம், விலை இவைதான் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைக் காட்டி, இவர் காலநிலையால்தான் போனார் என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்து, இந்த அளவு வெப்பம் இல்லாதிருந்தால் இத்தனை பேர் குறைவாகப் போயிருப்பார்கள் என்று சொல்லலாம். அதற்கு மேலே போவது துறையின் எல்லையைத் தாண்டுவது.

மூன்றாவது கேள்வி: தக்கவைக்க வேண்டுமா? தக்கவைப்பது என்ற நோக்கமே எனக்கு உடன்பாடில்லை. போக நினைப்பவர் கடன் வலையில் விழாமல் போகவும், இருக்க நினைப்பவர் பட்டினி இல்லாமல் இருக்கவும் முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். இந்தியாவின் நூறு நாள் வேலைத் திட்டம் ஒரு விஷயத்தைக் காட்டியது. அது நன்றாக நடந்த இடங்களில் குறுகியகால இடப்பெயர்வு குறைந்தது, நகரத்தில் அதைவிட நல்ல கூலி கிடைக்கும் என்று தெரிந்தும்கூட. நகரத்துக் கட்டட வேலையில் பாலித்தீன் கூரைக்குக் கீழே குழந்தைகளோடு கிடப்பதை மக்கள் எவ்வளவு பெரிய செலவாக நினைக்கிறார்கள் என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மறுபக்கம், கர்நாடகத்தில் ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன குடும்பங்களைப் பற்றிய 2020 ஆய்வு. தண்ணீர் போனபின் பயிரை மாற்றி, முறையை மாற்றி அவர்களால் விவசாயத்துக்குள்ளேயே பெரிதாக மீள முடியவில்லை. பக்கத்தில் தொழிற்சாலை வேலை இருந்த பகுதிகளில் வருமான இழப்பை ஈடுகட்டினார்கள், இல்லாத பகுதிகளில் முடியவில்லை. மாற்றுப் பயிர் போடுங்கள், சொட்டுநீர் போடுங்கள் என்ற அறிவுரைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நான் பார்க்கவில்லை. அதற்கு அப்பால், ஊருக்குள் அல்லது ஊரிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் விவசாயமல்லாத வேலை இருந்தால் யாரும் குடியைக் கிளப்ப வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு வேண்டியதும் ஒன்றும் புரியாத விஷயமில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறவர் அந்தப் பணம் கழியும்வரை வேலையிடத்தை விட்டு நகர முடியாது, அங்கே வெயில் எவ்வளவு அடித்தாலும். விவசாய வெப்பத்திலிருந்து தப்பிக் கட்டட வெப்பத்துக்கும் சூளை வெப்பத்துக்கும் போகிறார், நகரத்தில் மலிவாகக் கிடைப்பது வெள்ளம் தேங்கும் தாழ்வான இடம். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, மருத்துவம், ஓட்டு இதெல்லாம் பிறந்த ஊர் முகவரியில் கட்டிவைக்கப்பட்டிருக்கும்வரை அவர் நகரத்தில் ஆள் கணக்கிலேயே வரமாட்டார். ஊரில் மிஞ்சும் பெண்கள் நிலத்தை முழுசாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் பட்டா கணவர் அல்லது மாமனார் பெயரில் இருக்கும், எனவே வங்கிக் கடனும் இழப்பீடும் அவர்கள் கைக்கு வருவதில்லை. கணவர் அனுப்பும் பணம் சரியாக வந்துகொண்டிருந்தால் இது சமாளிக்கக்கூடியது, நின்றுபோனால் அந்தப் பெண்தான் அடுத்த கடனை வாங்குகிறார்.

கடைசியாக, விவசாயி என்ற ஒரே பெயருக்குள் நாம் எல்லோரையும் போட்டுவிடுகிறோம், என் பதிலிலும் அப்படித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். பயிர் போனால் நிலச்சொந்தக்காரருக்கு மகசூல் போகிறது, குத்தகைக்காரருக்கு மகசூலோடு குத்தகைப் பணமும் போகிறது, கூலிக்கு நடவு, களை, அறுவடை என்று அந்தப் பருவத்தின் எல்லா நாட்களும் போகின்றன. பயிர்க் காப்பீடும் வறட்சி நிவாரணமும் நில ஆவணத்தைப் பார்த்து வழங்கப்படுவதால் பின்னவர்கள் இருவருக்கும் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. விற்க மாடு இல்லை, அடகு வைக்க நிலம் இல்லை, எனவே நான் மேலே சொன்ன அந்தப் படிப்படியான வரிசையும் அவர்களுக்குக் கிடையாது. முதல் மோசமான வருடத்திலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அல்லது போகவே முடியாமல் கிடக்கிறார்கள். எந்த ஊரைப் பற்றியாவது காலநிலை இடப்பெயர்வு என்று ஒரு செய்தி படித்தால், அதில் பேட்டி கொடுப்பவருக்குச் சொந்த நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.